உழைக்கும் தசையின் கணக்கை எழுதிய அறிஞர் ஆட்டோ மேயர்ஹோஃப்

நெல் மூட்டையை முதுகில் சுமந்து கிடங்கின் படிகளில் ஏறும் தொழிலாளி, மேலே சென்று மூட்டையை இறக்கிய பின்னர் நின்று மூச்சு வாங்குகிறார். நூறு மீட்டர் பந்தயத்தில் ஓடிய மாணவன், எல்லைக் கோட்டைக் கடந்த பிறகே பெருமூச்சு விடுகிறான். வேலையோ முடிந்துவிட்டது, ஓட்டமோ நின்றுவிட்டது. பின்னர் எதற்காக இந்த மூச்சு? உழைப்பாளர் வீட்டில் பிறந்த நாம் அனைவரும் நாள்தோறும் கண்ட காட்சிதான் இது. ஆயினும் இதன் காரணத்தை எண்ணிப் பார்த்தவர் நம்முள் சிலரே.

உடல், சில வேளைகளில் பிராணவாயுவின் துணையின்றியே தனக்கு வேண்டிய ஆற்றலைப் பெற்றுக்கொள்கிறது. இதனைக் காற்றில்லாச் சுவாசம் என்று நம் பாடநூல்கள் கூறும். அந்த நிகழ்ச்சியின் கணக்கை முதன்முதலாகத் திட்டமாக அளந்து காட்டியவர் ஆட்டோ மேயர்ஹோஃப் என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆவார். நோபெல் பரிசு பெற்ற அப்பெருமகனார், தாம் பிறந்த குலத்தின் காரணமாகவே தம் தாய்நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. அவருடைய அறிவியலையும் வாழ்க்கையையும் ஒருங்கே அறிந்துகொள்வது நம் இளைஞர்களுக்குப் பெரிதும் பயன் தரும் என்னும் எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதலானேன்.

பிறப்பும் இளமையும்

ஜெர்மனி நாட்டின் ஹனோவர் நகரில் 1884ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 12ஆம் நாள் மேயர்ஹோஃப் பிறந்தார். அவர் குடும்பம் யூத வணிகக் குடும்பம். இளமைப் பருவத்தின் பெரும்பகுதியை அவர் பெர்லின் நகரில் கழித்தார். வறுமையை அவர் அறிந்ததில்லை. ஆயினும் இன்னொரு துன்பம் இளமையிலேயே அவரைப் பற்றியது. பதினாறாம் வயதில் சிறுநீரக நோய் கண்டு அவர் நெடுங்காலம் படுக்கையிலேயே கிடந்தார். ஒத்த வயதுடைய பிள்ளைகள் விளையாடித் திரிந்த காலத்தில் அவருக்குத் துணையாயிருந்தவை அன்னையின் அன்பும் நூல்களுமே. இலக்கியமும் தத்துவமும் அந்நாளில்தான் அவர் உள்ளத்தில் வேரூன்றின. நோயால் இழந்த காலத்தை அவர் வீண்காலமாக விட்டுவிடவில்லை என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

உடல் தேறிய பின்னர் அவர் மருத்துவம் பயின்று, 1909இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அப்போதும் அவர் நாட்டம் மனநோய் பற்றிய தத்துவ ஆராய்ச்சியிலேயே இருந்தது. பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வுரையும் அதுபற்றியதே. ஹைடல்பெர்க் மருத்துவமனையில் ஆட்டோ வார்பர்க் என்னும் இளம் ஆராய்ச்சியாளரின் நட்பு அவருக்குக் கிடைத்தது. உயிரணு எவ்வாறு சுவாசிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் வார்பர்க். அந்த நட்பே மேயர்ஹோஃபின் வாழ்க்கையைத் திசை திருப்பியது. உயிருள்ள பொருள் தன் ஆற்றலை எங்கிருந்து பெறுகிறது, அதை எவ்வாறு செலவிடுகிறது என்னும் வினா அவரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் தம் வாழ்நாள் முழுவதையும் அவர் அவ்வொரு வினாவுக்கே செலவிட்டார்.

அவருக்கு முன் அறியப்பட்டவை

1912இல் அவர் ஜெர்மனியின் வடபகுதியிலுள்ள கீல் பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். 1914இல் ஹெட்விக் என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு மக்கள் மூவர்.

அவர் ஆராய்ச்சியில் இறங்கிய காலத்தில் இத்துறையில் அறியப்பட்டிருந்தவை சிலவே. தயிரின் புளிப்புக்குக் காரணமான அமிலத்திற்கு லாக்டிக் அமிலம் என்று பெயர். 1780இல் ஸ்வீடன் நாட்டு ஷீலே அதைப் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்தார். அதே அமிலம் விலங்கின் தசையிலும் உண்டு என்பதை, அந்நாட்டவரான பெர்சீலியஸ் 1807இல் கண்டார். பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர், நுண்ணுயிர்கள் காற்றின்றியும் வாழ வல்லவை என்றும், நொதித்தல் அவற்றின் வாழ்க்கை முறையே என்றும் நிறுவினார். 1907ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஃபிளெட்சர், ஹாப்கின்ஸ் என்னும் இருவர், தவளையின் தசையைக் காற்றில்லாத இடத்தில் வைத்து இயக்கினால் லாக்டிக் அமிலம் பெருகுகிறது என்றும், பிராணவாயு கிடைத்ததும் அந்த அமிலம் மறைகிறது என்றும் தெளிவாகக் காட்டினர்.

அந்த அமிலம் எப்பொருளிலிருந்து தோன்றுகிறது? பிராணவாயு வந்தபின் அது எங்கே போகிறது? எரிந்து ஒழிகிறதா, வேறொன்றாக மாறுகிறதா? இவற்றுக்கு விடை காண்பதே மேயர்ஹோஃப் மேற்கொண்ட பணியாயிற்று.

தவளைத் தசையின் வரவு செலவு

தவளையின் கால் தசையை எடுத்து, பிராணவாயு இல்லாத சிறு கலத்தில் வைத்து, மின்சாரம் செலுத்தி அதைச் சுருங்கச் செய்தார். தசைக்குள் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிப்பாக உள்ளது. நாம் உண்ணும் சோறு குளுக்கோஸ் சர்க்கரையாகி, அச்சர்க்கரையே பின்னர் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. தசை இயங்கியபோது எவ்வளவு கிளைகோஜன் குறைந்தது, எவ்வளவு லாக்டிக் அமிலம் கூடியது என்று மேயர்ஹோஃப் அளந்தார். இரண்டும் ஒத்திருந்தன. எனவே லாக்டிக் அமிலத்தின் மூலப்பொருள் கிளைகோஜனே என்பது ஐயத்திற்கு இடமின்றிப் புலனாயிற்று.

அடுத்து, களைத்த தசைக்குப் பிராணவாயுவைக் கொடுத்தார். அமிலம் மறைந்தது. தசை உட்கொண்ட பிராணவாயுவின் அளவையும் அவர் நுட்பமாக அளந்தார். மறைந்த அமிலம் முழுவதையும் எரிக்க அந்தப் பிராணவாயு போதவில்லை. அதில் ஏறத்தாழ நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கை எரிப்பதற்கே அது போதுமானதாயிருந்தது. எஞ்சிய பங்கு மீண்டும் கிளைகோஜனாக மாறிச் சேமிப்பில் சேர்ந்திருந்தது. அதாவது ஒரு சிறு பகுதியை எரித்து, அதில் கிடைக்கும் ஆற்றலைக்கொண்டு எஞ்சிய பெரும்பகுதியைத் தசை மீட்டுக்கொள்கிறது. உழைப்பின்போது கடன், ஓய்வின்போது அடைப்பு. வேலை முடிந்த பின்னர் மூச்சு வாங்குவதன் பொருள் இதனால் விளங்கலாயிற்று.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஆர்ச்சிபால்டு விவியன் ஹில் என்பார், தசை சுருங்கும்போதும் ஓய்வு கொள்ளும்போதும் வெளிப்படும் வெப்பத்தை மிக நுண்ணிய கருவிகளால் அளந்துகொண்டிருந்தார். அவர் தாமும் ஓட்டப் பயிற்சி உடையவர். ஓடுவோர் பின்னர் வாங்கும் மிகை மூச்சினைப் பிராணவாயுக் கடன் என்று அழைத்தவர் அவரே. ஹில் அளந்த வெப்பமும் மேயர்ஹோஃப் அளந்த வேதியல் மாற்றமும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1922ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு 1923இல் இவ்விருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1918 வரை ஒன்றோடொன்று போரிட்ட இரு நாடுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள் என்பது நினைவிற்குரியது.

பரிசும் புறக்கணிப்பும்

உலகின் மிகப் பெரிய பரிசைப் பெற்றவருக்கு அவர் பணியாற்றிய பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியை வழங்கி மகிழ்ந்திருக்கும் என்று நாம் எண்ணுவோம். நடந்தது வேறு. கீல் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உரிய இருக்கை கிடைக்கவில்லை. அவர் யூதர் என்னும் வெறுப்பே இதன் பின்னிருந்த காரணம் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர்.

பிறப்பைக் கேட்டபின் தகுதியை மறந்துவிடும் வழக்கத்தைப் பற்றி நம் மக்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கூறுவேன். தகுதி இருந்தால் போதும், பிறப்பு குறுக்கே நிற்காது என்று நமக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. நோபெல் பரிசை விடப் பெரிய தகுதிச் சான்று எதனைக் காட்ட முடியும்? தகுதியும் வேண்டும், அத்தகுதியை மதிக்கும் நீதியும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அமெரிக்காவிலிருந்து அவருக்குப் பேராசிரியர் பதவிக்கான அழைப்பு வந்தது. அவரை இழக்க விரும்பாத கெய்சர் வில்ஹெல்ம் கழகம் 1924இல் பெர்லினில் அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தது. 1929இல் ஹைடல்பெர்க் நகரில் அக்கழகம் நிறுவிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் உடலியல் பிரிவின் தலைமைப் பொறுப்பை அவர் ஏற்றார். அங்கும் பெர்லினிலும் பல நாட்டு இளைஞர்கள் அவரை நாடி வந்தனர். அவரிடம் பணிபுரிந்த லிப்மன், ஓச்சோவா, ல்வோஃப், வால்டு ஆகிய நால்வரும் பிற்காலத்தில் நோபெல் பரிசு பெற்றனர் என்றால், அவர் எத்தகைய ஆசிரியர் என்பதை வேறு சொற்களால் கூற வேண்டுவதில்லை.

ஈஸ்டும் தசையும் ஒன்றே

இக்காலத்தில் அவர் நிறுவிய உண்மைகளுள் ஒன்று தனியே கூறத்தக்கது. கள்ளைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. தசை அதே சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. இரண்டும் வெவ்வேறு நிகழ்ச்சிகள் என்றே பலரும் கருதியிருந்தனர். ஈஸ்டில் நொதித்தலுக்குத் துணைசெய்யும் பொருள் விலங்குத் தசையிலும் இருக்கிறது என்று மேயர்ஹோஃப் 1918இல் காட்டினார். பின்னர், தசையிலிருந்து பிழிந்தெடுத்த சாற்றிலேயே, உயிரணுக்கள் இல்லாமலே, சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிக் காட்டினார். இதனால் இடைப்பட்ட படிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய வழி பிறந்தது.

குளுக்கோஸ் பத்துப் படிகளில் பைருவிக் அமிலம் ஆகிறது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி நடத்துகிறது. பிராணவாயு போதிய அளவு கிடைக்காதபோது, பதினோராம் படியாக அது லாக்டிக் அமிலமாக மாறுகிறது. ஈஸ்டில் முதற்பத்துப் படிகள் அவ்வாறே நடக்கின்றன. இறுதிப் பகுதி மட்டும் வேறுபட்டுச் சாராயத்தில் முடிகிறது. இப்பாதைக்கு, அதை வகுப்பதில் பெரும்பங்கு கொண்ட மூவரின் பெயரால், எம்டன் மேயர்ஹோஃப் பார்னஸ் பாதை என்று பெயர் வழங்கலாயிற்று. இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் முதலாண்டிலேயே கற்கும் பாடம் அது.

கொள்கை வீழ்ந்தது, ஆய்வு தொடர்ந்தது

லாக்டிக் அமிலம் தோன்றுவதே தசை சுருங்குவதற்கு உடனடிக் காரணம் என்பது மேயர்ஹோஃபின் கொள்கையாயிருந்தது. பரிசு பெற்றுச் சில ஆண்டுகளில் அக்கொள்கைக்கு எதிரான சான்றுகள் வரத்தொடங்கின.

அச்சான்றுகளுள் ஒன்றோடு நம் சென்னையில் பயின்ற ஒருவரின் பெயர் இணைந்துள்ளது. ஆந்திரத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1923இல் அமெரிக்கா சென்றவர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் இருப்பதை அவர் 1927இல் அறிவித்தார். தசை இயங்கும்போது அது குறைகிறது; ஓய்வில் மீண்டும் சேர்கிறது. இங்கிலாந்திலும் அதே ஆண்டில் எகிள்டன் தம்பதியர் இத்தகைய பொருளைக் கண்டனர். 1929இல் மேயர்ஹோஃபின் உதவியாளரான கார்ல் லோமன், அடினோசின் டிரைபாஸ்பேட் என்னும் பொருளைத் தசையில் கண்டறிந்தார். அதே ஆண்டில் ஃபிஸ்க்கும் சுப்பாராவும் தனியே அதைக் கண்டனர். சுருக்கமாக ஏ.டி.பி. என்று நாம் குறிப்பிடும் இப்பொருளே உயிரணுவில் ஆற்றல் கைமாறும் நாணயம் ஆகும்.

1930ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் லுண்ட்ஸ்கார்ட் இறுதிச் சான்றினைத் தந்தார். ஒருவகை நஞ்சினால் லாக்டிக் அமிலம் தோன்றுவதையே அவர் தடுத்தார். அப்போதும் தசை சிறிது நேரம் சுருங்கிக்கொண்டே இருந்தது. பாஸ்போகிரியேட்டின் தீர்ந்ததும் நின்றுவிட்டது. ஆகவே சுருக்கத்திற்கு உடனடிக் காரணம் லாக்டிக் அமிலம் அன்று என்பது உறுதியாயிற்று.

நோபெல் பரிசு பெற்ற ஒருவர், தம் கொள்கையின் ஒரு தூண் சாய்ந்ததைக் கண்டு என் செய்வார்? மேயர்ஹோஃப் வழக்காடவில்லை. புதிய சான்றினை ஏற்றுக்கொண்டு, தம் ஆய்வுக்கூடத்தின் உழைப்பைப் பாஸ்பேட் பொருள்களின் பக்கம் திருப்பினார். அவர் அளந்த அளவுகள் பொய்யாகவில்லை. அவற்றுக்குக் கொடுத்த விளக்கமே மாறியது. சர்க்கரை சிதையும் பாதையின் பயன் ஏ.டி.பி.யை மீண்டும் மீண்டும் ஆக்கித் தருவதே என்னும் தெளிவு பிறந்தது. அவருடைய மிகச் சிறந்த பணிகள் பல இதற்குப் பின்னரே நடைபெற்றன.

நாடிழந்த நோபெல் அறிஞர்

1933ஆம் ஆண்டு சனவரியில் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஏப்ரலிலேயே யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கச் சட்டம் வந்தது. 1935 செப்டம்பரில் ஜெர்மானிய இரத்தத்தின் தூய்மையைக் காப்பதாகக் கூறிக்கொண்டு, யூதர்க்கும் மற்றவர்க்கும் இடையே திருமணத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. மேயர்ஹோஃப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமையை இழந்தார். ஆய்வு நிலையத்தில் மட்டும் சில ஆண்டுகள் பணியைத் தொடர முடிந்தது. அதுவும் இயலாமற்போகவே, 1938இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டைவிட்டு வெளியேறிப் பாரிசை அடைந்தார். அங்குள்ள ஆய்வு நிலையம் ஒன்று அவருக்கு இடமளித்தது.

அந்த அமைதியும் நீடிக்கவில்லை. 1940 சூனில் ஜெர்மானியப் படை பாரிசு நகருக்குள் புகுந்தது. ஐம்பத்தாறு வயதான அறிஞர் தென்பிரான்சுக்கு ஓடினார். அங்கே மார்சேய் நகரில், அமெரிக்காவின் அவசர மீட்புக் குழுவின் சார்பில் வேரியன் ஃபிரை என்னும் இதழாளர், அறிஞர்களையும் கலைஞர்களையும் எல்லை கடத்திக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அக்குழுவின் உதவியால் மேயர்ஹோஃப் பிரனீசு மலையைக் கடந்து, ஸ்பெயின், போர்த்துக்கல் வழியாக 1940 அக்டோபரில் அமெரிக்கா சேர்ந்தார். ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியால் பிலடெல்பியாவிலுள்ள பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி கிடைத்தது.

அவருடன் பரிசு பெற்ற ஹில்லின் செயலையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1933ஆம் ஆண்டிலேயே, ஜெர்மனியில் பதவி பறிக்கப்பட்ட அறிஞர்களுக்கு உதவுவதற்காக இங்கிலாந்தில் ஓர் அமைப்பு தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஹில்லும் ஒருவர். எத்தனையோ அறிஞர்கள் அவ்வமைப்பால் வாழ்வு பெற்றனர்.

அமெரிக்காவிலும் மேயர்ஹோஃப் ஓய்ந்திருக்கவில்லை. 1944இல் கடுமையான மாரடைப்பு வந்தது. தேறி மீண்டும் ஆய்வுக்கூடம் சென்றார். 1949இல் அந்நாட்டின் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1951ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் மீண்டும் மாரடைப்பு கண்டு பிலடெல்பியாவில் காலமானார். அவரை வெளியேற்றிய ஹைடல்பெர்க்கில் பிற்காலத்தில் ஒரு மருத்துவ மையத்திற்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டது.

இன்று நாம் அறிவன

மேயர்ஹோஃப் தொடங்கி வைத்த ஆராய்ச்சி இன்று மிக விரிந்துள்ளது. நம் இளைஞர்கள் அறியத்தக்கவற்றை மட்டும் கூறுவேன்.

நூறு மீட்டர் ஓடுபவர் முதற்சில நொடிகளில் பயன்படுத்துவது பெரிதும் பாஸ்போகிரியேட்டினையே. முழு வேகத்தில் அது ஏறத்தாழ பத்து நொடி தாங்கும். அதற்கு மேலும் வேகம் தொடர்ந்தால், சர்க்கரை காற்றின்றிச் சிதையும் பாதை முதன்மை பெறுகிறது. நானூறு மீட்டர் ஓட்டத்தின் கடைசிப் பகுதி அத்துணை கடினமாயிருப்பது இதனாலேயே. காற்றில்லா வழியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து உடலுக்கு ஆதாயமாகக் கிடைப்பவை இரண்டு ஏ.டி.பி. மூலக்கூறுகள். பிராணவாயுவுடன் முழுதும் எரிந்தாலோ முப்பது முதல் முப்பத்திரண்டு வரை கிடைக்கும். காற்றில்லா வழி விரைவானது, ஆனால் சிக்கனமற்றது. அவசரத்திற்கு உதவும், நாள் முழுவதும் கைகொடுக்காது.

லாக்டிக் அமிலம் வெறும் கழிவு அன்று என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. உடலில் அது லாக்டேட் என்னும் வடிவில் இரத்தத்தில் கலந்து, இதயத்திற்கும் பிற தசைகளுக்கும் எரிபொருளாகிறது. ஒரு பகுதி கல்லீரலை அடைந்து மீண்டும் குளுக்கோஸ் ஆகிறது. இச்சுழற்சியைக் கண்டவர்கள் 1947இல் நோபெல் பரிசு பெற்ற கார்ல் கோரி, ஜெர்ட்டி கோரி தம்பதியர். பழக்கமில்லாத வேலையைச் செய்த மறுநாள் தோன்றும் தசைவலிக்கு இந்த அமிலமே காரணம் என்று பலர் இன்னும் சொல்லி வருகின்றனர். அது சரியன்று. ஓட்டம் முடிந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மிகையான லாக்டேட் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. மறுநாள் வலிக்குக் காரணம் தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளே. ஓடி முடித்ததும் உடனே அமர்ந்துவிடாமல் மெல்ல நடப்பது லாக்டேட் விரைவில் நீங்கத் துணைசெய்யும். கடும் நோயுற்றோரின் இரத்தத்தில் லாக்டேட் அளவை மருத்துவர் சோதிப்பதும் உண்டு. திசுக்களுக்குப் போதிய இரத்தமும் பிராணவாயுவும் சென்று சேருகின்றனவா என்பதை அறிய அது உதவுகிறது.

இறுதியாக ஓர் உண்மை. நம் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடல் முழுவதற்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்கின்றன. ஆனால் அவை தமக்கென்று அதில் ஒரு துளியும் எரிப்பதில்லை. பிராணவாயுவைக்கொண்டு ஆற்றல் ஆக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் உறுப்பு அவற்றில் இல்லை. தோன்றி மறையும் நூற்றிருபது நாள்களும் அவை உயிர் தரித்திருப்பது காற்றில்லா வழியாலேயே. அதாவது மேயர்ஹோஃபின் பெயர் தாங்கிய அந்தப் பாதையாலேயே.

இதனை எண்ணிப் பாருங்கள். இரத்தத்தில் உயர்வு தாழ்வு உண்டென்று சட்டம் இயற்றிய ஆட்சியினர், இரத்தத்தின் அணுக்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பதை ஆராய்ந்த மனிதரையே இரத்தத்தின் பெயரால் துரத்தினர். துரத்தியவர் உடலிலும் துரத்தப்பட்டவர் உடலிலும் சிவப்பணுக்கள் அதே படிகளில் அதே சர்க்கரையைச் சிதைத்து வாழ்ந்தன. ஈஸ்டிலும் தவளையிலும் மனிதரிலும் ஒன்றாக ஓடும் இப்பாதை, ஒரு குலத்தாரிடம் ஒருவிதமாகவும் மற்றொரு குலத்தாரிடம் வேறுவிதமாகவும் ஓடுவதில்லை. பிறப்பால் மனிதரைப் பிரிப்போருக்கு இயற்கையின் ஏட்டில் ஒரு வரிச் சான்றும் கிடையாது.

நாம் கொள்ளத்தக்கவை

மேயர்ஹோஃபிடம் செல்வம் இருந்தது; அது அவரைக் காக்கவில்லை. புகழ் இருந்தது, அதுவும் காக்கவில்லை. வீடும் பதவியும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. மலையைக் கடந்து அவருடன் வந்தது அவர் கற்ற கல்வி ஒன்றே. அக்கல்வியைக்கொண்டே புதிய நாட்டில் மீண்டும் பணியைத் தொடங்கினார்.

ஆயினும் கல்வி மட்டுமே அவரைக் காப்பாற்றியது என்று முடித்துவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். அவரை எல்லை கடத்தியது ஒரு குழு. அவருக்குப் பணி கொடுக்கப் பொருள் ஈந்தது ஓர் அறக்கட்டளை. இடமளித்தது ஒரு பல்கலைக்கழகம். முகமறியாத பலர் ஒன்றுகூடி முன்னரே அமைப்புகளை ஏற்படுத்தி வைத்திருந்ததனால்தான் துன்பம் வந்த நாளில் கைகொடுக்க முடிந்தது. கல்விச் சங்கங்கள் ஏன் வேண்டும் என்று வினவும் இளைஞர்களுக்கு இதுவே என் விடை. ஒரு மாணவனின் கட்டணத்திற்கென்று மாதந்தோறும் சிறுதொகை செலுத்தும் உறுப்பினர், யாருக்கு எந்நாளில் அது உதவப்போகிறது என்பதை அறியமாட்டார். அறியாமலே கொடுப்பதில்தான் சங்கத்தின் வலிமை இருக்கிறது.

அறிவியல் பாடம் நமக்கு எட்டாதது என்று ஒதுங்கும் மாணவர்களுக்கும் ஒரு சொல். இப்பாடத்தின் பொருள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நாற்று நடும் தாயின் கையிலும், பாரம் இழுக்கும் தந்தையின் காலிலும் நாள்தோறும் நடைபெறும் நிகழ்ச்சியைத்தான் மேயர்ஹோஃப் தவளையின் தசையில் அளந்தார். உழைப்பை நன்கு அறிந்தவர்களின் பிள்ளைகள் அவ்வுழைப்பின் அறிவியலையும் கற்றுத் தேர வேண்டும். நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் ஆய்வுக்கூடத்தில் நின்று, இன்னும் விடை காணாத வினாவொன்றுக்கு விடை காணும் நாள் வருமானால், அந்நாளே நம் சங்கத்திற்கு உண்மையான விழா நாளாகும்.